மெரடித் விக்டரி: 12 பேருக்கு இடமிருந்த கப்பலில் ஏறிய 14,000 பேர்

மெரடித் விக்டரி என்ற கப்பலின் பெயர் எம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். கொரியர்களுக்கு அது நன்கு தெரிந்த பெயர். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் பொருட்கள் ஏற்றுவதற்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட சாதாரணச் சரக்குக் கப்பல் அது. 1950ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே பயணத்தில் 14,000 அகதிகளை அது ஏற்றிச் சென்றது. தரையிலிருந்து ஒரு தனிக் கப்பல் மீட்ட மிகப் பெரிய மக்கள் தொகை இதுவே என கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றிருக்கிறது.

கப்பலில் ஏறி நாடு விட்டவர்களும், கப்பலில் ஏற்றப்பட்டு ஊர் திரும்பியவர்களும் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கப்பல் கட்டப்பட்டதிலிருந்து உடைக்கப்பட்டது வரையான 48 ஆண்டு வரலாற்றை இங்கே ஒழுங்காகத் தொகுத்துத் தருகிறோம். கணக்கெழுதும் தொழிலில் இருப்பவர்களின் பழக்கப்படி, எண்களையும் திகதிகளையும் முன்னால் வைத்துக்கொண்டே சொல்கிறோம்.

சுருக்கக் குறிப்பு

பெயர்: மெரடித் விக்டரி
வகை: விக்டரி வகைச் சரக்குக் கப்பல்
கட்டிய இடம்: கலிபோர்னியா கப்பல் கட்டும் கூட்டுத்தாபனம், லொஸ் ஏஞ்சல்ஸ்
கட்டிய ஆண்டு: 1945
நீளம்: 455 அடி
அகலம்: 62 அடி
கொரியப் போரில் மாலுமிகள்: 47 பேர் (அதிகாரிகள் 12, ஏனையோர் 35)
மேலதிகப் பயணிகளுக்கான இடம்: 12
உடைக்கப்பட்ட ஆண்டு: 1993

ஏன் இப்படியான கப்பல்கள் கட்டப்பட்டன?

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் அத்திலாந்திக் கடலில் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. மூழ்கும் வேகத்தை விட விரைவாகப் புதிய கப்பல்களைக் கட்டினால்தான் போரில் நிற்கலாம் என்பது அமெரிக்காவின் கணக்கு. அதற்காக முதலில் வந்தவை லிபர்ட்டி கப்பல்கள். மொத்தம் 2,710 லிபர்ட்டி கப்பல்கள் கட்டப்பட்டன. கப்பலின் பாகங்களைத் தனித்தனியே செய்து, கொண்டுவந்து பொருத்தி, ஆணி அடிக்காமல் உருக்கி ஒட்டும் முறை அப்போது பரவலானது.

லிபர்ட்டி கப்பல்களில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று வேகம். மணிக்கு 11 கடல் மைல் அளவில்தான் ஓடின. மற்றது, குளிர்ந்த கடலில் சிலவற்றின் உடல் வெடித்துப் பிளந்தது. இவற்றைத் திருத்தி 1944ஆம் ஆண்டிலிருந்து வந்தவையே விக்டரி கப்பல்கள். உடலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களுக்கு இடையிலான தூரம் 30 அங்குலத்திலிருந்து 36 அங்குலமாகக் கூட்டப்பட்டது. இதனால் கப்பலின் உடல் சற்று வளைந்து கொடுத்தது, பிளவு குறைந்தது. பழைய நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக நீராவிச் சுழலி பொருத்தப்பட்டதால் வேகமும் 15 முதல் 17 கடல் மைல் வரை உயர்ந்தது. ஐநூறுக்கும் அதிகமான விக்டரி கப்பல்கள் கட்டப்பட்டன.

பெயர் வைத்த முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் வந்தவற்றுக்கு நேச நாடுகளின் பெயர்கள், அடுத்தவற்றுக்கு அமெரிக்க நகரங்களின் பெயர்கள், பின்னர் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் பெயர்கள். வட கரோலினா மாநிலத்தின் ராலி நகரிலுள்ள மெரடித் மகளிர் கல்லூரியின் பெயரே எமது கப்பலுக்குக் கிடைத்தது. கட்டிய நிறுவனம் போர்க்காலத்தில் மொத்தம் 467 கப்பல்களைக் கட்டியது. அந்த 467இல் ஒன்று என்பதைத் தவிர, பிறந்தபோது மெரடித் விக்டரிக்கு வேறு சிறப்பு எதுவும் இருக்கவில்லை.

1945ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது கடலில் இறங்கியபோது ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. ஓகஸ்டில் யப்பானும் பணிந்தது. போருக்காகக் கட்டிய நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு வேலையில்லாமல் போனது. மெரடித் விக்டரியும் ஒதுக்குத் தொகுதியில் கட்டி வைக்கப்பட்டது. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, வரிசையாக நங்கூரமிட்டு, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று வைக்கும் ஏற்பாடு அது.

மீண்டும் ஒரு போர்

1950ஆம் ஆண்டு யூன் 25ஆம் திகதி கொரியப் போர் தொடங்கியது. ஒதுக்கி வைத்த கப்பல்கள் அவசரமாக வெளியே எடுக்கப்பட்டன. மெரடித் விக்டரியும் எடுக்கப்பட்டது. கப்பல் இராணுவத்தின் வேலையைச் செய்தது. ஆனால் அதை ஓட்டியது கடற்படை அன்று. மூர்-மக்கோர்மக் என்ற கப்பல் நிறுவனம் அதை நடத்தியது, அதில் இருந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் வணிக மாலுமிகள். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

கப்டன் லெனார்ட் லாரூ பிலடெல்பியாவைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 36. இரண்டாம் உலகப்போரில் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குச் சென்ற ஆபத்தான கப்பல் அணிகளில் ஓடித் தப்பியவர்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் போரின் போக்கு தலைகீழானது. வட கொரியாவுக்குள் வெகுதூரம் முன்னேறியிருந்த அமெரிக்க, ஐ.நா. படைகளைச் சீனப் படைகள் சொசின் நீர்த்தேக்கப் பகுதியில் சுற்றி வளைத்தன. உறைய வைக்கும் குளிரில் சண்டை பிடித்துக்கொண்டே அந்தப் படைகள் கிழக்குக் கரையிலுள்ள ஹங்நாம் துறைமுகத்துக்குப் பின்வாங்கின. யப்பானியர் ஆட்சிக்காலத்தில் பெரிய உரத் தொழிற்சாலை எழுந்த ஊர் அது. தரைவழி அடைபட்டுவிட்டதால் கடல்வழி மட்டுமே மிச்சமிருந்தது.

படைகளின் பின்னால் சனங்களும் வந்தார்கள். ஐ.நா. படைகளுக்கு உதவியவர்கள், கிறிஸ்தவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், பழிவாங்கலுக்குப் பயந்தவர்கள், குண்டுவீச்சுக்குப் பயந்தவர்கள் எனப் பல்லாயிரம் பேர் பனியில் நடந்து ஹங்நாம் கரையில் கூடினார்கள். தலையில் மூட்டை, முதுகில் குழந்தை. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எமக்கு விளக்கம் தேவைப்படாது.

ஹங்நாம் கரையில் எடுத்த முடிவு

படைத் தளபதி எட்வர்ட் ஆமண்டின் முதல் திட்டத்தில் பொதுமக்களுக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. சில ஆயிரம் பேரை ஏற்றலாம் என்றே பேச்சு இருந்தது. துறைமுகம் சிறியது, படைகளும் வாகனங்களும் வெடிபொருட்களும் முதலில் ஏற வேண்டும், சனங்களுக்குள் எதிரியின் ஆட்கள் கலந்திருக்கலாம் என்ற அச்சமும் இருந்தது. அவருடைய ஆலோசகராக இருந்த கொரிய மருத்துவர் ஹியோன் பொங்-ஹக் விடாமல் வாதாடினார். கப்பல் ஏற்றும் வேலைக்குப் பொறுப்பாயிருந்த கேணல் எட்வர்ட் ஃபோர்னி அவருக்குத் துணை நின்றார். முடிவு மாறியது.

டிசம்பர் 15 முதல் 24 வரை நடந்த அந்த வெளியேற்றத்தில் சுமார் 1,05,000 படையினரும், 17,500 வாகனங்களும், 3,50,000 தொன் சரக்கும் கடல்வழியாக எடுக்கப்பட்டன. பொதுமக்களின் தொகை சுமார் 90,000 முதல் ஒரு இலட்சம் வரை எனப் பலவாறு சொல்லப்படுகிறது. வாகனங்களுக்கும் சரக்குக்கும் எல்லோரும் ஒரே தொகையைச் சொல்கிறார்கள். மனிதர்களின் தொகைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கணக்கு எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமல் கடக்க முடியாது.

மெரடித் விக்டரி ஹங்நாமுக்கு வந்தது விமான எரிபொருள் கொண்டுவந்த கப்பலாக. இறக்குவதற்கு அங்கே நேரமில்லை என்று தெற்கேயுள்ள பூசான் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முழுவதையும் இறக்கி முடியுமுன்னரே திரும்பவும் ஹங்நாமுக்குப் போகும்படி செய்தி வந்தது. இறக்கப்படாத 300 தொன் எரிபொருள் பீப்பாய்களோடுதான் கப்பல் திரும்பியது. துறைமுகத்தின் வாயிலில் கடற்கண்ணிகள் இருந்தன. கண்ணிகளைக் கண்டுபிடிக்கும் கருவி இந்தக் கப்பலில் இல்லை.

அதிகாரிகள் கப்பலில் ஏறிக் கப்டனிடம் பேசினார்கள். இது வணிகக் கப்பல் என்பதால், அகதிகளை ஏற்று என்று அவர்கள் ஆணையிடவில்லை. ஏற்ற முடியுமா என்று கேட்டார்கள். சட்டப்படி அந்தக் கப்பலில் மேலதிகமாக 12 பயணிகளுக்குத்தான் இடம். முடியாது என்று லாரூ சொல்லியிருந்தால் அவரை யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. விதிமுறை அவர் பக்கம் இருந்தது. ஏற்றக்கூடிய எல்லோரையும் ஏற்றுகிறேன் என்று அவர் சம்மதித்தார்.

ஏற்றிய முறை

டிசம்பர் 22ஆம் திகதி இரவு 9.30 மணியளவில் ஏற்றம் தொடங்கியது. மறுநாள் காலை 11.10க்கு முடிந்தது. பதின்மூன்றே முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது மணிக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர், நிமிடத்துக்குச் சராசரி 17 பேர்.

கப்பலுக்கு ஐந்து சரக்கறைகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகத் தளங்கள். சரக்கை இறக்கும் அதே பாரந்தூக்கியால், பலகைத் தட்டுகளில் மனிதர்களை நிறுத்தி அடித்தளத்துக்கு இறக்கினார்கள். ஒரு தளம் நிரம்பியதும் அதன் வாயைப் பலகையால் மூடி, அடுத்த தளத்தை நிரப்பினார்கள். எல்லாம் நிரம்பிய பிறகு மேல்தளம். கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 28,210 சதுர அடி. இது முனைகளின் வளைவைக் கூடக் கழிக்காத தொகை. அவ்வளவு பரப்புள்ள ஒரேயொரு தளத்தில் 14,000 பேர் நின்றால் ஆளுக்கு இரண்டு சதுர அடி. தளங்கள் பல இருந்தன. ஆனாலும் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டியே நின்றார்கள்.

கீழே விளக்கில்லை, வெப்பமூட்டியில்லை. கழிவறை வசதியில்லை. உணவும் தண்ணீரும் 47 மாலுமிகளுக்கு அளவானவை. மருத்துவர் இல்லை. கொரிய மொழி பேசும் ஒருவரும் இல்லை. ஒரு மாலுமிக்கு ஏறக்குறைய 300 அகதிகள். குளிர் தாங்காமல் சிலர் எரிபொருள் பீப்பாய்களின் மேலேயே நெருப்பு மூட்டியதைக் கண்டு திகைத்துப்போனதாக மாலுமிகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அதன் கீழே இருப்பது என்னவென்று அந்தச் சனங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்வதற்கு மாலுமிகளிடம் மொழியில்லை. கையையும் காலையும் ஆட்டித்தான் தடுத்தார்கள்.

டிசம்பர் 23ஆம் திகதி கப்பல் புறப்பட்டது. மறுநாள் ஹங்நாம் துறைமுகத்தின் கட்டுமானங்களை அமெரிக்கப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

முதல் துறைமுகத்தில் இடமில்லை

டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், மெரடித் விக்டரி பூசானை அடைந்தது. பூசான் ஏற்கெனவே அகதிகளாலும் படையினராலும் நிரம்பி வழிந்தது. இறக்க முடியாது என்றார்கள். இன்று நினைவுச்சின்னங்களும் விருதுகளும் பெற்ற இந்தக் கப்பலுக்கும், அது போய்ச் சேர்ந்த முதல் துறைமுகம் கதவைத் திறக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களையும் இராணுவப் பொலிசாரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தென்மேற்கே சுமார் 50 மைல் தொலைவிலுள்ள கோஜே தீவை நோக்கிக் கப்பல் திரும்பியது. நத்தார் தினத்தன்று அங்கே சேர்ந்தது. சிறிய துறைமுகம் என்பதால் பெரிய கப்பலை உள்ளே கட்ட முடியவில்லை. டிசம்பர் 26ஆம் திகதி, கரையிறக்கும் கப்பல்கள் இரண்டு பக்கத்தில் வந்து நிற்க, சனங்கள் அவற்றுக்கு மாறிக் கரையேறினார்கள்.

மூன்று நாட்களுக்கு மேல் நீடித்த அந்தப் பயணத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஐந்து குழந்தைகள் பிறந்தன. மாலுமிகளுக்குத் தெரிந்த கொரியச் சொல் ஒன்றே ஒன்றுதான். கொரியர்கள் நாளாந்தம் சோற்றோடு சாப்பிடும் கோவா ஊறுகாயின் பெயர். அதனால் குழந்தைகளுக்குக் கிம்ச்சி ஒன்று, கிம்ச்சி இரண்டு என்று ஐந்து வரை இலக்கமிட்டார்கள்.

இறங்கியவர்களின் பிற்காலம்

ஐந்தாவதாகப் பிறந்த குழந்தை கோஜேயிலேயே வளர்ந்து அங்கேயே கால்நடை மருத்துவரானார். முதலாவது குழந்தையின் பெற்றோர், மூத்த பிள்ளைகள் இருவரை வடக்கில் உறவினரிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள். சில நாட்களில் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை. 1953ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி போர்நிறுத்தம் கையெழுத்தானபோது எல்லை இறுகிவிட்டது. "கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம்" என்று சாவியைப் பூட்டோடு எடுத்து வந்தவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு.

2017 முதல் 2022 வரை தென் கொரியாவின் ஜனாதிபதியாக இருந்த மூன் ஜே-இன்னின் பெற்றோரும் மெரடித் விக்டரியில் வந்தவர்களே. அவர் 1953ஆம் ஆண்டு கோஜேயில் அகதிக் குடும்பத்தில் பிறந்தார். ஜனாதிபதியான பின் அமெரிக்காவுக்குச் சென்ற முதற்பயணத்தில், சொசின் போரில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போய் மலர்வளையம் வைத்தார். நத்தார் தினத்தன்று கப்பலில் மாலுமிகள் அகதிகளுக்கு இனிப்புக் கொடுத்ததாகத் தன் தாய் சொன்னதை அங்கே நினைவுகூர்ந்தார்.

கோஜே அப்போது மீன்பிடியும் விவசாயமும் செய்த தீவு. பின்னர் போர்க்கைதிகளின் பெரிய முகாமும் அங்கே அமைந்தது. இன்று உலகின் மிகப் பெரிய கப்பல் கட்டும் தளங்களில் இரண்டு அதே தீவில் இயங்குகின்றன. முகாம் இருந்த இடத்திலுள்ள நினைவுப் பூங்காவில் ஹங்நாம் வெளியேற்றத்துக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது.

கப்டனின் பிற்காலம்

லாரூ கடலை விட்டு, 1954ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூட்டன் என்ற ஊரில் பெனடிக்ட் சபைத் துறவிமடத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய பெயர் சகோதரர் மரினஸ். நடந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தன் கப்பலின் சுக்கானைக் கடவுளின் கைதான் பிடித்திருந்தது என்ற கருத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி காலமானார். அந்த நாட்களில் நியூட்டன் மடம் ஆளில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. அதைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் தென் கொரியாவின் வேக்வான் மடத்துத் துறவிகள். வட கொரியாவில் அழிக்கப்பட்ட ஒரு மடத்திலிருந்து தப்பித் தெற்கே வந்தவர்கள் தொடங்கிய மடம் அது. லாரூவைப் புனிதராக அறிவிப்பதற்கான விசாரணையைக் கத்தோலிக்கத் திருச்சபை 2019ஆம் ஆண்டு தொடங்கியது.

கப்பலின் முடிவு

1952ஆம் ஆண்டு மெரடித் விக்டரி மீண்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு தென் கொரிய ஜனாதிபதியின் பாராட்டுப் பத்திரமும், 1960ஆம் ஆண்டு வீரக் கப்பல் என்ற அமெரிக்க அரசின் விருதும் கிடைத்தன. வியட்நாம் போருக்காக 1966ஆம் ஆண்டு மறுபடியும் எடுக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சுசூன் விரிகுடாவில் மூன்றாம் முறையாகக் கட்டி வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் அங்கே கிடந்து, 1993ஆம் ஆண்டு பழைய இரும்பாக விற்கப்பட்டுச் சீனாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. எந்தப் படையிடமிருந்து தப்ப அந்தச் சனங்கள் அதில் ஏறினார்களோ, அந்தப் படையின் நாட்டிலேயே கப்பலின் கதை முடிந்தது.

கணக்கியலில் இதற்குப் பெறுமானத் தேய்வு என்று பெயர். ஆண்டுக்கு ஆண்டு பெறுமதியைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எஞ்சுவது இரும்பின் விலை. பேரேட்டில் அவ்வளவுதான் எழுதலாம். அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்று கப்பல் இல்லை. அதே தளத்தில் அதே ஆண்டில் கட்டப்பட்ட லேன் விக்டரி என்ற கப்பல் லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தின் சான் பெட்ரோ பகுதியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதுவும் அதே டிசம்பரில் வொன்சான் துறைமுகத்திலிருந்து சுமார் 7,000 கொரிய அகதிகளை ஏற்றிய கப்பல். ரெட் ஓக் விக்டரி கலிபோர்னியாவின் ரிச்மண்டிலும், அமெரிக்கன் விக்டரி புளோரிடாவின் ரம்பாவிலும் இருக்கின்றன. விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று சரக்கறையின் ஆழத்தைக் காட்டலாம். எண்களால் விளங்காதது கண்ணால் விளங்கும்.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இந்தக் கப்பலின் கதை எமக்கு ஏன் இவ்வளவு விபரமாகக் கிடைக்கிறது? ஏற்றம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எரிபொருளின் தொன், மாலுமிகளின் எண்ணிக்கை எல்லாம் அன்றே குறித்து வைக்கப்பட்டதால். மாலுமிகள் படம் எடுத்தார்கள். ஓய்வுபெற்ற பின்னும் பேசினார்கள், எழுதினார்கள். கரையேறியவர்களின் பிள்ளைகள் அவர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார்கள்.

அப்படியிருந்தும் ஒரு பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. 14,000 பேரின் பெயர்ப்பட்டியலைக் கப்பல் எழுதவில்லை. அந்த இரவில் அதற்கு நேரமும் மொழியும் இருக்கவில்லை. தொகை இருக்கிறது, பெயர்கள் இல்லை.

பிரிந்தவர்களைத் தேடும் வேலை 33 ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை என்பதற்குச் சாட்சி 1983ஆம் ஆண்டு. அந்த யூன் மாதக் கடைசியில் தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, போரில் பிரிந்து தெற்கின் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தவர்களைச் சேர்த்து வைக்க ஒரு நேரடி நிகழ்ச்சியைத் தொடங்கியது. சிறிது நேரம் நடத்தவிருந்த நிகழ்ச்சி 138 நாட்கள் நீண்டது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் சேர்ந்தன. மார்பில் அட்டையைப் பிடித்து நின்றார்கள். அட்டையில் பெயர், ஊர், பிரிந்த இடம், உடலிலுள்ள தழும்பு. அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த யூலை மாதத்தில்தான் கொழும்பின் அகதி முகாம்களிலிருந்து எமது சனங்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு ஏற்றப்படத் தொடங்கினார்கள். 1958ஆம் ஆண்டிலும் இப்படியே கொழும்பிலிருந்து வடக்குக்குக் கப்பல் ஓடியது. 2009ஆம் ஆண்டு புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் திருகோணமலைக்கு ஏற்றியது. 2010ஆம் ஆண்டு சன் சீ கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். இவற்றில் எந்தக் கப்பலில் எந்தத் திகதியில் அம்மா ஏறினார், பக்கத்தில் யார் இருந்தார்கள், யாரைக் கரையில் விட்டு வந்தார்கள் என்பது பெரும்பாலும் ஒருவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. 1958இல் பத்து வயதில் கப்பலேறியவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது.

நூல் எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கொப்பியில் ஐந்து நிரல் போட்டால் போதும்: கப்பலின் அல்லது படகின் பெயர், ஏறிய இடமும் திகதியும், இறங்கிய இடமும் திகதியும், கூட வந்தவர்களின் பெயர், வர முடியாமல் போனவர்களின் பெயர். தெரியாத நிரலை வெறுமையாக விடலாம். இன்னொரு குடும்பத்தின் கொப்பி அதை நிரப்பக்கூடும். கப்பலின் பெயர் ஞாபகமில்லாவிட்டால் அதன் நிறத்தையாவது எழுதுங்கள், கடலில் எத்தனை இரவு கழிந்தது என்று எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழும் அகதி விண்ணப்பத்தின் பிரதியும் வைத்திருக்கும் அதே கோப்பில் அந்தக் கொப்பியையும் வையுங்கள். பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கத் தொடங்கலாம். முதலில் ஐந்தாவது நிரலைக் கேளுங்கள். அந்தப் பெயர்கள்தான் வேறு எவருடைய பதிவேட்டிலும் இல்லாதவை.